ஒரு கால் மட்டும் வீங்குகிறதா? உருவி விடாதீர்கள்!

‘நடவு, களையெடுப்புக்குப் போய்வரும் என் மனைவிக்கு 34 வயது. ஆறு மாதமாக இடது கால் மட்டும் வீங்குகிறது. காலையில் குறைகிறது, பொழுது சாயும்போது தொடை வரை கனக்கிறது. யானைக்கால் நோயோ என்று இரவில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. எண்ணெய் தேய்த்து உருவி விடலாமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உருவ வேண்டாம். முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு கால்களும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை என்று பார்ப்பார்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், அந்தக் காலின் ரத்த ஓட்டப் பாதையையும் பார்க்க வேண்டும். காலுக்கு வந்த ரத்தம் ‘சிரை’ என்ற குழாய்கள் வழியாகத்தான் இதயத்துக்குத் திரும்புகிறது. வடிகால் அடைபட்டால் வயலில் தண்ணீர் தேங்குவதுபோல, சிரை நசுங்கினால் காலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இடது கால் அதிகம் பாதிக்கப்பட உடலமைப்பே ஒரு காரணம். அடிவயிற்றுக்குள், வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் மேல் குறுக்கே செல்கிறது. பின்னால் முதுகெலும்பு. நடுவில் மாட்டிய சிரை நசுங்குகிறது. 1957-ல் மே, தர்னர் என்ற மருத்துவர்கள் 430 சடலங்களை ஆராய்ந்தபோது, 22 சதவிகிதத்தில் அந்த இடத்தில் சிரையின் உட்புறம் தடித்திருந்தது. பலருக்கு இதனால் தொந்தரவே இருக்காது. கர்ப்பம், பிரசவம், நீண்டநாள் படுக்கை, கருத்தடை மாத்திரை போன்றவை சேரும்போது அங்கே ரத்தம் உறையலாம்.

கர்ப்பப்பைக் கட்டி, அடிவயிற்றுப் புற்றுநோய்க் கட்டி, முழங்காலின் பின்மடிப்பில் வரும் நீர்க்கட்டி ஆகியவையும் சிரையை அழுத்தலாம். சிறுநீர் அடைத்துப் புடைத்த சிறுநீர்ப்பைகூட அழுத்துவதுண்டு.

உறைந்த ரத்தக்கட்டி உள்ள காலை உருவினால், அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலுக்கு ‘டாப்ளர்’ ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காலில் அடைப்பு தெரியாவிட்டால், அடிவயிற்றுச் சிரையையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள், அதற்கு சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். ரத்தம் உறைந்திருந்தால், உறைதலைத் தடுக்கும் மருந்து தருவார்கள். சிலருக்கு நசுங்கிய இடத்தில் ‘ஸ்டென்ட்’ வைப்பார்கள். கட்டி இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை.

யானைக்கால் வீக்கம், கிருமி போன பிறகும் இருக்கலாம். அதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கால் திடீரென வீங்கி, வலித்து, நிறம் மாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ‘நடவு முடியட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.