கைதிக்காக யார் வேண்டுமானாலும் கோர்ட்டுக்குப் போகலாமா?

டெல்லி திகார் சிறையில் இருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் சுனில் பத்ரா, மரண தண்டனைக் கைதி. தனக்காக அவர் எழுதவில்லை. அதே சிறையில் இன்னொரு கைதியை, பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் பணம் கறப்பதற்காக ஒரு வார்டர் சித்ரவதை செய்தார் என்பதுதான் புகார்.

முறையான மனு இல்லை, வக்கீலும் இல்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், சிறைக்கு நேரில் போய்ப் பார்க்க வழக்கறிஞர்களை அனுப்பியது. 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பு, சிறை நிர்வாகத்துக்குச் செம டோஸ்!

பொதுவாக, பாதிக்கப்பட்டவர்தான் வழக்கு போட முடியும். ஆனால், அடைபட்டுக் கிடப்பவர் எப்படி கோர்ட் படியேறுவார்? அதனால்தான் அரசியல் சாசனத்தின் 32, 226-வது பிரிவுகளின் கீழ் அம்மா, மனைவி, நண்பர் என யாரும் அவருக்காக ஆட்கொணர்வு மனு போடலாம். குண்டர் சட்டக் கைதுகளை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வரும் மனுக்களைப் பாருங்கள்... தாய், மனைவி பெயரில்தான் பெரும்பாலும் இருக்கும்.

அப்போ முன்பின் தெரியாதவர்கூட எதற்கும் மனு போடலாமா? அங்கேதான் சிக்கல். முன்னாள் ராணுவத் தளபதி வைத்யா 1986-ல் புனேயில் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் இருவருக்கு மரண தண்டனை உறுதியானது. அதை எதிர்த்து அரசியல் தலைவர் சிம்ரன்ஜித் சிங் மான் உச்ச நீதிமன்றம் போனார். 1992-ல் மனு தள்ளுபடி. 'தண்டிக்கப்பட்டவர்களே எதிர்க்காதபோது நீங்கள் யார்?' என்பதுதான் கோர்ட் பார்வையின் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

கடுமையாகத் தெரியலாம். ஆனால், யாரோ ஒருவர் அரைகுறையாக வாதாடித் தோற்றால் நஷ்டம் கைதிக்குத்தானே! ஆக, சட்டவிரோதக் காவல், சிறைக் கொடுமை என்றால் வெளியாள் கதவைத் தட்டலாம். தண்டனைத் தீர்ப்பையே எதிர்ப்பதென்றால், கைதிதான் வர வேண்டும். அவர் மைனராகவோ, மனநலம் பாதிக்கப்பட்டவராகவோ இருந்தால் விதிவிலக்கு உண்டு.

வக்கீல் வைக்க வசதியில்லையா? சிறை அதிகாரி மூலமாகவே கைதி அப்பீல் அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை உண்டு. வீட்டில் இருப்பவர்கள் அழைக்க வேண்டிய சட்ட உதவி எண்: 15100.