பாட்டி வாக்கிங் கிளம்பும் முன்

சுகர் என்று வாய் திறந்ததுமே எதிர்வீட்டுக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை சொல்லும் யோசனை ஒன்றுதான்: "தினமும் முக்கால் மணி நேரம் நடங்கம்மா, தானா குறைஞ்சிடும்." டைப் 2 காரர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நாற்பது வருடமாக டைப் 1-ஓடு வாழும் அறுபத்தைந்து வயது அம்மாவுக்கோ, அந்தத் 'தானா குறைவது'தான் பயமே.

டைப் 1 என்றால் சிறுபிள்ளைகள் நோய் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 1922-ல் டொராண்டோவில் இன்சுலின் பெற்ற தொடக்ககால நோயாளிகளில் ஒருவரான எலிசபெத் ஹியூஸ், அப்போது எலும்பும் தோலுமான சிறுமி. அவர் இறந்தது 1981-ல், 73 வயதில். பாஸ்டனிலுள்ள ஜாஸ்லின் மையம் 1970 முதல், இன்சுலினோடு ஐம்பது வருடம் கடந்தவர்களுக்குப் பதக்கமே கொடுத்துவருகிறது.

டைப் 1 இல்லாதவர்கள் நடக்க ஆரம்பித்தால் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஊசியில் போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. நடக்க நடக்க ரத்த ஓட்டம் கூடி அது இன்னும் சீக்கிரம் உடலில் சேரும். தசையும் தன் பங்குக்குச் சர்க்கரையை இழுக்கும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி 'லோ' ஆகிவிடும். இளவயதில் நடுக்கம், படபடப்பு, வியர்வை என்று உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். வருடங்கள் ஓட ஓட அந்த எச்சரிக்கை பலருக்கு மங்கிப்போகிறது. பி.பி.க்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். மாதவிடாய் நின்றபின் எலும்பும் தேய்கிறது. டைப் 1 உள்ளவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். தலைசுற்றி விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதற்காக நாற்காலியே கதி என்று உட்கார்ந்தால் தசை கரைந்து, விழுவது இன்னும் சுலபமாகும். என்னைக் கேட்டால், நடைக்கு முன்னால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். 2012-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், எடைப் பயிற்சியை முதலில் முடித்துவிட்டு ஓடியபோது சர்க்கரை அவ்வளவாகச் சரியவில்லை. கலந்துகொண்டவர்கள் பன்னிரண்டே பேர், பாட்டிகளும் அல்ல. ஆனாலும் முயன்று பார்க்கத் தகுந்த வரிசை. ஜிம்முக்குப் போக வேண்டாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போதும். விழித்திரையில் ரத்தக் கசிவோ, புது ரத்தக்குழாய்களோ இருந்தால் மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கக் கூடாது. கண் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கிளம்பும்போது மீட்டரில் 126 முதல் 180 வரை இருப்பது நல்லது என்கிறது 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். 170-ஐப் பார்த்துப் பதறும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவும். 90-க்குக் கீழே என்றால் முதலில் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, ஏறியபிறகே புறப்பட வேண்டும். காரணமில்லாமல் 270-ஐத் தாண்டியிருந்தால் கீட்டோன் பார்க்க வேண்டும். காலை ஊசிக்கும் டிபனுக்கும் முன்னால் நடந்தால் லோ ஆகும் வாய்ப்பு குறைவு. சிலருக்குக் கொஞ்சம் ஏறவும் செய்யும். மாலையில் நடந்தால் நடுராத்திரியில் லோ ஆகலாம். படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊசி அளவை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

லோ ஆனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் மூன்று டீஸ்பூன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். பிஸ்கட், சாக்லேட் எல்லாம் வேலை செய்ய நேரமாகும். புடவையில் பாக்கெட் இல்லை என்பது இங்கே ஒரு மருத்துவப் பிரச்சினை! சுருக்குப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் டைப் 1-ல் மூன்று மாத சர்க்கரைச் சராசரி இறங்காமலே இருக்கலாம். இதயத்துக்கும் எலும்புக்கும் கிடைத்த பலன் அந்த எண்ணில் தெரியாது. சென்சார் போட்டிருக்கும் முதியவர்களுக்கு 2019-ல் வல்லுநர்கள் வகுத்த இலக்கும் தாராளமானதுதான்: பாதி நாளுக்கு மேல் 70-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் போதும். 70-க்குக் கீழே இருக்கும் நேரத்தில்தான் கெடுபிடி. நாளொன்றுக்கு அது கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.