தட்டிலும் காட்டிலும் அதே ஜோடி

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் ராகிக் களி கிண்டினால் கூடவே கொள்ளுக் கடைசலோ தட்டைப்பயறு குழம்போ இருக்கும். கம்பஞ்சோற்றுக்குப் பச்சைப்பயறு கடைசல். தானியம் தனியாகத் தட்டுக்கு வருவதே இல்லை.

நாவுக்கு மட்டும் அமைந்த ஜோடி அல்ல இது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் கோத்து உருவாவது. அவற்றில் லைசின் தானியங்களில் குறைவு, பயறுகளில் தாராளம். மெத்தியோனின் பயறுகளில் குறைவு, தானியங்கள் அதை ஈடுகட்டுகின்றன. 100 கிராம் ராகியில் சுமார் 7 கிராம் புரதம்தான்; கொள்ளில் சுமார் 22.

இதே ஜோடி மானாவாரிக் காட்டிலும் உண்டு. சோளத்துக்கும் கம்புக்கும் நடுவே தட்டை, அவரை, துவரை சால் விடுவார்கள். தட்டில் புரதம் தருகிற செடி, மண்ணுக்குத் தழைச்சத்து தேடித் தருகிறது. தழைச்சத்து என்றால் நைட்ரஜன். காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆனால் இரண்டிரண்டு அணுக்களாக மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுக்க முடியாது. உரத் தொழிற்சாலை அந்தப் பிணைப்பை உடைக்க 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தமும் கொடுக்கிறது. நாமக்கல் லாரியின் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட இது இருபது மடங்குக்கும் மேல்.

தட்டைப்பயறு அதே வேலையை வெறும் மண்சூட்டில் முடித்துவிடுகிறது!

எப்படி? வேர் முதலில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அதை உணர்ந்த பாக்டீரியாக்கள் பதிலுக்கு வேறொன்றைச் சுரக்கின்றன. உடனே வேர்த்தூவி சுருண்டு அவற்றை வளைத்து உள்ளே அழைத்துக்கொள்கிறது. அங்கே ஒரு முடிச்சு வளர்கிறது. செடி சர்க்கரை கொடுக்க, பாக்டீரியா நைட்ரஜனைச் சமைக்கிறது. இந்தச் சமையலைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த முரணைத் தீர்க்கச் செடி லெக்ஹீமோகுளோபின் என்ற நிறமியைத் தயாரிக்கிறது. நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவு அது. ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து அளந்து விடுகிறது. பூவெடுக்கும் சமயம் ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

இந்தப் பாக்டீரியாக்களில் பிராடிரைசோபியம் என்ற கூட்டம் தட்டை, கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். போன வருஷம் கடலை விளைந்த காட்டில் இந்த வருஷம் தட்டை விதைத்தால் கூட்டாளி அங்கேயே காத்திருக்கும்.

துவரையின் சாமர்த்தியம் வேறு. இங்குள்ள செம்மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இரும்போடு ஒட்டிக்கிடக்கும். பல பயிர்களுக்கு அது கைக்கெட்டாது. துவரை வேர் பிஸிடிக் அமிலத்தைச் சுரந்து இரும்பைப் பற்றிக்கொள்ள, மணிச்சத்து விடுபடுகிறது. ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்து ஆய்வு ஒன்று 1990-இல் இதை வெளிக்கொணர்ந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு பயறுக்குள் போய்விடும். அறுவடையோடு அது காட்டைவிட்டுக் கிளம்புகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலையும் வேரும்தான். தீவனமாகப் போவதில் ஒரு பங்கைக் கால்நடைகள் திருப்பித் தருகின்றன. கொள்ளுச் செடியின் பொட்டு மாட்டுக்கு, சாணம் காட்டுக்கு. சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆடுகளைப் பட்டி போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கும். களிக்குக் கடைசல் வேண்டும் என்ற பழக்கம் இருந்தவரை இந்தச் சுற்றும் அறுபடாமல் ஓடியது.

இன்று இந்தப் பக்கம் மரவள்ளி பரவலான பயிர். அதிலிருந்து ஜவ்வரிசி செய்பவர்களின் கூட்டுறவான சேகோசர்வ் சேலத்தில் 1981-இலேயே தொடங்கிவிட்டது. மரவள்ளிக் கிழங்கு பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதற்குத் துணை தட்டிலும் வேண்டும், காட்டிலும் வேண்டும். அந்தத் துணைக்குக் காட்டில் இடமும் இருக்கிறது. குச்சிக்குக் குச்சி சுமார் 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடுவதால் முதல் மூன்று மாதம் நடுவில் வெறும் தரைதான் வெயில் காயும். அங்கே உளுந்தோ பச்சைப்பயறோ விதைத்தால், மரவள்ளி இலை கூடி நிழல் கட்டுவதற்குள், எழுபது எழுபத்தைந்து நாளில், நெற்று பறித்துவிடலாம்.