எல்ம் மரமும் அதன் கேடும்

நிழல் மரங்களுள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள் எல்ம் மரத்தைப்போல் விரும்பி வளர்த்தவை சிலவே. அது அந்நிலத்துக்கே உரிய மரம். அடிமரம் ஓங்கி எழுந்து, கிளைகள் மேலே விரிந்து வளையும். வீதியின் இருமருங்கும் நட்டால் எதிரெதிர்க் கிளைகள் கூடிப் பந்தலாகும். விரைந்து வளர்வதோடு இறுகிய மண்ணையும் அது பொறுக்கும். இவ்வியல்புகளால் நகரந்தோறும் எல்ம் வரிசைகள் எழுந்தன. நியூஹேவன் 'எல்ம் நகரம்' எனப் பெயர் பெற்றது. மசச்சூசெற்ஸ் 1941இல் இதனைத் தன் மாநில மரமாக்கிற்று.

இம்மரத்தை அழிப்பது ஒல்லாந்த எல்ம் நோய். இப்பெயர் நோய் பிறந்த இடத்தைக் குறிப்பதன்று. 1920களில் ஒல்லாந்தின் பெண் அறிஞர்களாகிய பியா சுவாட்ஸ், கிறிஸ்ரின் பியூஸ்மன் ஆகியோர் அதற்குக் காரணம் ஒரு பங்கசு என நிறுவினர். அதனாலே அப்பெயர் வழங்கலாயிற்று. ஐரோப்பாவிலிருந்து மெல்லொட்டுப் பலகைக்கென இறக்குமதியான எல்ம் மரக்குற்றிகளோடு அது கடல் கடந்தது. 1930இல் ஒகையோ மாநிலத்திற் காணப்பட்டது.

நோய் பரவும் முறையை ஈண்டு நோக்குவாம். நோயுற்ற மரத்தின் பட்டையின்கீழ் ஒருவகைச் சிறு வண்டுகள் பெருகுகின்றன. வெளிவரும் வண்டுகள் பங்கசின் வித்திகளை உடலிற் சுமந்து சென்று, நலமுள்ள மரத்தின் இளங்கிளைகளைக் கொறிக்கின்றன. காயத்தின் வழியே புகுந்த பங்கசு, நீரை மேலேற்றும் காழ்க்கலன்களிற் பரவுகின்றது. அதனைத் தடுக்க முயலும் மரம் தன் கலன்களைத் தானே அடைத்துக்கொள்கின்றது. நீரின்றி இலைகள் கோடையிலேயே மஞ்சளித்து வாடும், மரமும் பட்டுப்போகும்.

வண்டுமட்டுமன்று, வரிசையும் நோய்க்குத் துணையாயிற்று. அருகருகே நின்ற மரங்களின் வேர்கள் மண்ணுள் ஒட்டி இணைந்திருந்தமையால், ஒன்றைப் பற்றிய நோய் அடுத்ததையும் பற்றியது. பின்னர்ப் பரவிய வேறோர் இனப் பங்கசு முன்னையதிலும் கொடியதாயிற்று. மினியாப்பொலிஸ் நகரம் 1977ஆம் ஆண்டில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட எல்ம் மரங்களை இழந்தது.

நோய் முற்றிய மரத்துக்கு மருந்தில்லை. அதனை உடனே வெட்டி அகற்றுதலும், இணைந்த வேர்களை அறுத்தலும், சிறந்த மரங்களுக்குப் பங்கசுக்கொல்லியை முன்னரே ஊசிவழி ஏற்றுதலும் காவல்களாம். நோயைத் தாங்கவல்ல 'வலி போஜ்', 'நியூ ஹார்மனி' என்னும் வகைகளும் 1990களில் நடுகைக்கு வழங்கப்பட்டன.

எனினும், அவற்றையும் முன்போல் வீதிமுழுதும் தனித்து நடுதல் தகாது. அழகு கருதி ஓரினத்தையே நிரைப்படுத்தியமை, ஒரு நோய்க்கு ஊர்முழுதையும் இரையாக்கியது. பலவின மரங்கள் கலந்து நிற்கும் வீதியில் ஓரினம் வீழினும் நிழல் எஞ்சும்.