வீட்டில் கம்பியில்லா இணையம்: பழைய ரூட்டரின் பயன்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. வகுப்பறை வீட்டிற்குள் புகுந்தது. ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் வட்டாரங்களின் வரிசை வீடுகளில் ஒரு குறை அப்போது வெளிப்பட்டது. முன்கூடத்தில் இணையம் தடையின்றி ஓடும். பின்னறையில் பாடங் கேட்கும் பிள்ளைக்கோ ஆசிரியரின் குரல் விட்டுவிட்டு ஒலிக்கும். இக்குறை இன்றும் பல வீடுகளில் தீர்ந்தபாடில்லை.

காரணம் யாது? இவ்வீடுகள் முகப்புக் குறுகி உட்புறம் நீண்டவை. இணையக் கம்பி பெரும்பாலும் முன்புறமாகவே நுழைவதால், ரூட்டரும் அங்கேயே அமர்ந்துவிடுகிறது. அது பரப்பும் அலைகள் முக்கியமாக இருவகை. 2.4 கிகாஹெர்ட்சு அலை மெதுவானது. ஆயினும் சுவரை ஓரளவு கடக்கும். 5 கிகாஹெர்ட்சு அலை விரைவானது; ஆயினும் இரண்டு மூன்று செங்கற் சுவர்களுக்குள் தளர்ந்துவிடும்.

இதனைத் தீர்க்க 'மெஷ்' எனும் வலைப்பின்னற் கருவிகள் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குமுன், ஒப்பந்தம் மாறியபோது அலமாரியில் ஒதுக்கிய பழைய ரூட்டரை நினைவுகூர்தல் நன்று. அதனைப் பயன்படுத்த இரு வழிகள் உள.

முதலாவது, முதன்மை ரூட்டரின் அலையை வாங்கி மீண்டும் பரப்பச் செய்வது. இவ்வசதி எல்லா ரூட்டர்களிலும் இல்லை. மேலும், பலர் அதனை அலை எட்டாத பின்னறையிலேயே வைத்து ஏமாறுகின்றனர். சிதைந்த ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பவர் நல்ல படியைத் தர இயலுமா? அலை நன்கு எட்டும் நடுவிடத்திலேயே அதனை வைத்தல் வேண்டும். அப்போதும், ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுப்பதாயின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

இரண்டாவது வழியே சிறந்தது. இரு ரூட்டர்களையும் கம்பியால் இணைப்பதாகும் அது. 'ஈத்தர்நெட்' கம்பி 100 மீட்டர் வரை செவ்வனே இயங்குமாதலின் வீட்டின் நீளம் ஒரு தடையன்று. பழைய ரூட்டரில் 'அக்சஸ் பாயிண்ட்' எனும் முறை இருப்பின் அதனைத் தேர்ந்தால் போதும். இல்லையேல் மூன்று மாற்றங்கள் செய்க. முதன்மை ரூட்டரின் முகவரி 192.168.1.1 எனின், பழையதற்கு 192.168.1.2 என, வேறெக்கருவிக்கும் வழங்கப்படாத முகவரி ஒன்று தருக. அதன் 'டி.எச்.சி.பி.' பணியை நிறுத்துக. ஒரே தெருவில் இருவர் வீட்டெண் வழங்கினால் குழப்பமே மிஞ்சும். கம்பியை 'வேன்' துளையில் அன்றி 'லேன்' துளையில் செருகுக. பெயரும் கடவுச்சொல்லும் முதன்மை ரூட்டருக்குரியனவாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்று 1-ஆம் தடத்திலும் மற்றது 6 அல்லது 11-ஆம் தடத்திலும் இயங்கினால் ஒன்றையொன்று இடறா.

இவ்வாறு செய்வதால் பழைய ரூட்டர் மெஷ் ஆகிவிடாது. அறை மாறும்போது கைப்பேசி முந்தைய அலையைச் சிறிதுநேரம் பற்றிக்கொண்டிருத்தல் கூடும். ஆயினும் ஓரிடத்தில் அமர்ந்து பயிலும் மாணவருக்கு இஃது ஓர் இடையூறன்று. மற்றொன்றும் கருதத்தக்கது: உற்பத்தியாளர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்ட ரூட்டர் வீட்டிற்குள் திறந்து வைத்த கதவை ஒக்கும், அதனை விலக்குக.

புதுக்கருவிக்குப் பணம் செலவிடுமுன், ஒரு மாலைப்பொழுதை இம்முயற்சிக்கு ஒதுக்குவோமாக. பின்னறைப் பிள்ளைக்கும் பாடம் முழுமையாய்க் கேட்க வேண்டுமன்றோ?