விசிறி விமானம் கற்ற பாடம்

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த ஃபயர்ஃபிளை விமானத்தைப் புந்தோங்வாசிகள் பலர் அறிவர். இரு இறக்கைகளிலும் பெரிய விசிறி சுழலும் ஏ.டி.ஆர். 72 அது. ஜெட் காலத்தில் விசிறி எதற்கு?

அந்த விசிறியைச் சுழற்றுவதும் டர்பைன்தான். கொஞ்சம் காற்றை அதிவேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை நிதானமாகப் பின்னுக்குத் தள்ளினால் எரிபொருள் மிச்சம். குறுகிய பயணத்துக்கும் நீளம் குறைந்த ஓடுபாதைக்கும் இது ஏற்றது.

1981-இல் பிரான்ஸ், இத்தாலி நிறுவனங்கள் இணைந்து ஏ.டி.ஆரைத் தொடங்கின. முதல் விமானமான ஏ.டி.ஆர். 42 1984-இல் பறந்தது. அதன் உடலை ஏறத்தாழ 4.5 மீட்டர் நீட்டி உருவாக்கிய ஏ.டி.ஆர். 72, 1988-இல் பறந்தது.

1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் சோதனை வந்தது. இறக்கையின் முன்விளிம்பில் உள்ள ரப்பர் உறை, காற்றால் உப்பிப் பனிக்கட்டியை உடைக்கும். அன்றோ, மேகத்தின் பெரிய குளிர்நீர்த் துளிகள் உறைக்குப் பின்னால் வழிந்து உறைந்தன. விமானம் கட்டுப்பாடிழந்து விழுந்தது. 68 பேரும் மாண்டனர்.

அதன்பின் ரப்பர் உறைகள் அகலமாக்கப்பட்டன. பனிப்படிவில் பறப்பதற்கான விதிகளும் கடுமையாயின.