நீண்ட ஆயுளும் கல்வராயன் மலையும்

விஞ்ஞானம் மனிதனின் ஆயுளை நீட்டித்திருக்கிறதென்று நாம் பெருமை பாராட்டுகிறோம். அது வீண் பெருமையன்று. 1947-ம் வருஷத்தில் இந்தியனின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்றோ அது 70-ஐ எட்டியிருக்கிறது. அக்காலத்தில் எல்லோரும் முப்பத்திரண்டில் மாண்டார்கள் என்பது இதன் பொருளன்று; தொட்டிலிலேயே மடிந்த சிசுக்கள் அந்தக் கணக்கைக் கீழே இழுத்தனர். அம்மை குத்துதலும் பிற தடுப்பூசிகளும் சுத்த ஜலமும் சிசுக்களைக் காத்தன. 1980-ல் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

ஆயுள் நீளவே வியாதிகளும் மாறின. பேதியும் அம்மையும் இருந்த இடத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்து குடியேறியிருக்கின்றன. ஒரு முறை ஊசி குத்திவிட்டு இறங்கிப் போனால் இவை தீரா. மாதந்தோறும் மாத்திரை வேண்டும். அடிக்கடி பரிசோதனை வேண்டும். நெஞ்சு வலித்த நாழிகையில் வண்டி வந்து நிற்க வேண்டும். ஆகவே, நீண்ட ஆயுள் என்பது இன்று வைத்திய விஷயம் மட்டுமன்று, பாதையின் விஷயமுமாகும்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. 2022-ல் சிறுவங்கூரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவர முற்பட்டது. இவற்றை மனமார வரவேற்கிறோம். ஆனால் ஜில்லாவின் மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்கு வாழும் மலையாளிகள் கேரளத்தாரல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் உழன்றவர்கள். 2024 ஜூனில் மெதனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இம்மலைவாசிகளின் நிலைமை குறித்துத் தானாகவே வழக்கெடுத்துக்கொண்டது. இத்தனை உயிர்கள் போன பிறகுதானா மலையின் நினைவு நமக்கு வரவேண்டும்?

யந்திரத்தின் நியாயத்தையும் சிறிது பார்ப்போம். ரேஷன் கடையில் இப்பொழுது கைரேகை கேட்கிறார்கள். ஐம்பது வருஷம் மண்ணைக் கிளறிய விரலில் ரேகை தேய்ந்து போகிறது. உழைத்த கையை யந்திரம் அறிய மறுக்கிறது! கண்மணிப் பரிசோதனை உண்டு, கைப்பேசிக்கு இரகசிய எண் வரும் என்று சமாதானம் சொல்வார்கள். கைப்பேசியே இல்லாத கிழவிக்கு எண் எங்ஙனம் வரும்? சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்கில் யந்திரம் யாரிடம் விசாரிக்கும்?

நாம் யந்திரத்தை வெறுப்பவரல்லோம். அது ஜனங்களுக்கு ஊழியம் செய்ய வேண்டுமென்கிறோம். ரேகை பொருந்தவில்லையென்று ஒரு முதியவரையும் வெறுங்கையோடு திருப்பலாகாது. அவர் பெயரை ஏட்டில் எழுதிக்கொண்டு அரிசியைக் கொடுக்கட்டும். ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் மழைக்காலத்திலும் வண்டி செல்லும் பாதை வேண்டும். மாத்திரை கொண்டுசெல்லும் ஊழியருக்குப் போதிய சம்பளம் வேண்டும்.

தேச ஊழியம் செய்வோரை நாம் ஒன்று வேண்டுகிறோம். மேடைகளை ஒரு வாரம் விட்டு மலையேறுங்கள். எந்தக் கிராமத்துக்குப் பாதையில்லை, எந்த முதியவருக்கு அரிசி மறுக்கப்பட்டது என்று விசாரித்து எழுதி, அதிகாரிகள் முன் வையுங்கள். ஆயுளை நீட்டியது விஞ்ஞானம். நீண்ட அந்த ஆயுளை மானத்தோடு வாழச் செய்வது நமது கடமை.